குழாய்க்கிணறு அடிக்கப் போகிறீர்களா? எங்கள் 3 இலட்சத்து 40 ஆயிரம் போன கதையை வாசித்துவிட்டு அடியுங்கள்

3 இலட்சத்து 40 ஆயிரம் ரூபாய். 22 பெண்கள், ஆளுக்குக் கிழமைக்கு 100 ரூபாய், மூன்று வருடம். கணக்குப் போட்டுப் பாருங்கள், கிட்டத்தட்ட அந்தத் தொகைதான் வரும். வவுனியா மாவட்டத்தில் நெடுங்கேணிப் பக்கம் எங்கள் மாதர் சங்கத்துக் காணியில் அந்தக் காசுக்கு ஒரு ஓட்டை இருக்கிறது. தண்ணீர் இல்லை.

பெயர் எழுதவில்லை. எழுதினால் கேஸ் போடுவேன் என்று ஏற்கெனவே வெருட்டியிருக்கிறான். லொறியில் மெஷின் வைத்துக் குழாய்க்கிணறு அடிக்கிறவன், ரவுணில் கடையும் போட்டிருக்கிறான். அவ்வளவு போதும்.

எங்கள் சேமிப்புக் குழு நுண்கடனில் பட்ட பாட்டில் தொடங்கியது. 2018இல் வரட்சி பாதித்த மாவட்டங்களில் 1 இலட்சத்துக்கு உட்பட்ட நுண்கடன் எடுத்துக் கட்ட முடியாமல் போன பெண்களுக்கு அரசாங்கம் தள்ளுபடி அறிவித்தது. எங்களில் சிலருக்கு அது கிடைத்தது, சிலருக்குக் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு வாசலில் வந்து குந்தியிருந்து கிழமைக்காசு கேட்கிறவனிடம் இனிப் போவதில்லை என்று ஒரு பிஸ்கட் டின்னில் போடத் தொடங்கினோம். நான்தான் பொருளாளர். அதனால்தான் இரவில் நித்திரை இல்லை.

போன மாரி பொய்த்துவிட்டது. சிறுபோகம் யாரும் விதைக்கவில்லை. ஆவணி வரும்போது பொதுக்கிணற்றில் வாளியை விட்டால் கல்லில் இடிக்கிற சத்தம்தான் கேட்கும். ஊறி வரும்வரை இருந்து இருந்து அள்ள வேண்டும். அதனால் டின்னை உடைத்துக் குழாய்க்கிணறு அடிப்போம் என்று கூட்டத்தில் முடிவெடுத்தோம். நீரோட்டம் பார்க்கிறவர் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நடந்தார். ஓரிடத்தில் அது எழும்பி நின்றது. (எழும்பாவிட்டால் அவருக்கு ஏது காசு? அது வேறு கதை.)

பிறகு மெஷின்காரன் வந்தான். 240 அடி போக வேண்டும் என்று கணக்குப் பார்த்து 3 இலட்சத்து 50 ஆயிரம் கேட்டான். நான் காசை எண்ணி மேசையில் வைத்தேன். எல்லாம் நூறும் ஐம்பதும், டின்னில் கிடந்து மடிந்த தாள்கள். கொஞ்ச நேரம் அதைப் பார்த்தான். பத்தாயிரத்தைப் பிரித்து என் பக்கம் தள்ளிவிட்டு, "இது மாதர் சங்கக் காசு அக்கா. இதில நான் முழு இலாபம் எடுத்தா எனக்குச் சாப்பாடு செமிக்காது" என்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மிச்சம் முழுவதையும் வேலை தொடங்க முன்னமே கொடுத்துவிட்டேன். இப்போது நினைத்தால் என்னையே அறையலாம் போலிருக்கிறது. அந்தப் பத்தாயிரத்தைக் காட்டித்தான் 3 இலட்சத்து 40 ஆயிரத்தைக் கொண்டுபோனான்.

அடித்த அன்று ஒரே புழுதி. வெள்ளைக் கல்மா பறந்து வந்து முற்றத்து முருங்கையெல்லாம் மூடிவிட்டது. நாங்கள் என்ன செய்தோம்? வேலை செய்கிற பொடியள் பாவம் என்று கோழி அடித்துச் சமைத்தோம். 22 பேரில் ஒருத்திகூட மெஷினுக்குப் பக்கத்தில் நின்று எத்தனை ராட் (துளைக்கிற இரும்புத் தண்டு) இறங்குகிறது என்று எண்ணவில்லை. பின்னேரம் "240 அடி முடிஞ்சுது, நல்ல ஊற்று" என்றான், மெஷினைக் கட்டிக்கொண்டு போனான்.

இரவல் மோட்டரை இறக்கிப் போட்டோம். ஏழு நிமிடம் தண்ணீர் வந்தது. பிறகு சேறு, பிறகு வெறும் காற்று.

போன் எடுத்தேன். "ஊறட்டும் அக்கா, ரெண்டு நாள் விடுங்கோ." இரண்டு நாள் கழித்து, "நாளைக்கு வாறன்." அந்த நாளை வரவேயில்லை. போனை வேறொரு பொடியன் எடுத்து முதலாளி கொழும்புக்குப் போய்விட்டார் என்றான். அன்று பின்னேரமே பக்கத்து ஊரில் அதே லொறி நின்றதை எங்கள் தலைவி கண்டிருக்கிறா.

சந்தேகம் வந்து நாங்களே அளந்தோம். நைலோன் கயிற்றில் இரும்புப் படிக்கல்லைக் கட்டி, பத்தடிக்கு ஒன்றாகப் பழைய சேலைத் துண்டு முடிந்து இறக்கினோம். பதினொரு முடிச்சுப் போனது. பன்னிரண்டாவது வெளியிலேயே நின்றது. மூன்று தரம் இறக்கினோம், மூன்று தரமும் 115 அடிதான்.

ஐந்து பேர் பஸ் ஏறி அவன் கடைக்கே போனோம். "உள்ளுக்கு இடிஞ்சு மூடியிருக்கும்" என்றான். மேலே மண் இருக்கிற ஆழத்துக்குக் குழாய் இறக்கியிருக்கிறது, கீழே முழுக்கக் கருங்கல். கருங்கல் எப்படி இரண்டு கிழமையில் 125 அடிக்கு இடிந்து விழும் என்று கேட்டோம். "பில் இருக்கோ?" என்றான். இருக்கிறது. கடைப் பெயர் இல்லாத ஒரு துண்டு, அதில் தொகை மட்டும், அடி எழுதவில்லை. "தண்ணி கடவுள் குடுக்கிறது அக்கா, நான் ஓட்டை மட்டும்தான் போடுறது" என்று சொல்லிவிட்டு ரீ குடிக்கப் போனான். அந்த ஓட்டையும் பாதிதான் போட்டிருக்கிறான்! இனி மத்தியஸ்த சபைக்குத்தான் போகப் போகிறோம். அந்தத் துண்டை வைத்துக்கொண்டு என்ன நடக்கும் என்று பார்ப்போம்.

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் இருந்தேன். தண்ணீர் பவுசர் சத்தம் கேட்கிறது, கான் எல்லாம் இன்னும் உள்ளே கிடக்கிறது. சுருக்கமாகச் சொல்கிறேன். முழுக் காசையும் முதலே கொடுக்காதீர்கள். ஒரு ராட் எத்தனை அடி என்று முதலில் அளந்துவிட்டு, இறங்குகிற ஒவ்வொன்றையும் ஒருவர் நின்று கொப்பியில் எழுத வேண்டும். மெஷின் போக முன்னம் கயிறு விட்டு அளந்து பாருங்கள். பில்லில் அடிக்கணக்கு, குழாய்க்கணக்கு இரண்டும் இருக்க வேண்டும். சமைக்க வேண்டாம், கடையில் பாண் வாங்கிக் கொடுங்கள்.

பவுசர் சந்திக்கு வந்துவிட்டது. போகிறேன்.