ஈறு ஒட்டுக்கு 23,740 ரூபாய்: ஒரு தையற்காரன் பார்த்த கணக்கு

மதுரை புது மண்டபத்துக் கல்தூண்களுக்கு நடுவே இருபத்தெட்டு ஆண்டுகள் மிஷின் மிதித்தவன் நான். கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய பிறகு என் மிஷினும் அங்கே போய்விட்டது. நூலைக் கத்தரிக்காமல் பல்லால் கடித்து அறுப்பது எங்கள் தொழிலில் பலருக்கும் உள்ள கெட்ட பழக்கம். மேல்வரிசையில் இடப்பக்கக் கோரைப்பல்லின் ஈறு ஏறிப்போய் வேர் மஞ்சளாக வெளியே தெரிந்தபோது, நூல் கடித்த பாவம் என்றுதான் நினைத்தேன். விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா ஒரு வாய் குடித்தால் அந்தப் பல்லில் கூச்சம் ஏறி, கண்ணில் தண்ணீர் வரும். டம்ளரை அப்படியே மகனிடம் கொடுத்துவிடுவேன். இரண்டு வருடம் இப்படி ஓட்டினேன்.

கடைசியில் போய்ச் சேர்ந்தது கே.கே. நகரில் ஒரு மாடியில் இருக்கும் ஈறு சிகிச்சை கிளினிக். பாராட்டோடு குறையும் சொல்லப்போகிறேன் என்பதால் பெயர் வேண்டாம். ஈறு மருத்துவத்தில் எம்.டி.எஸ். படித்த ஒரு பெண் டாக்டர் நடத்துகிறார். என் மூத்த மகள் வயதுதான் இருக்கும். வாயைத் திறக்கச் சொல்லி, மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பி ஒன்றை ஈறின் ஓரத்தில் வைத்து, உதவியாளரிடம் எண்களைச் சொல்லிக்கொண்டே போனார். கோரைப்பல்லில் நான்கு, அதற்கு அடுத்த பல்லில் மூன்று. அளவு எடுத்துக் கூப்பிட்டுச் சொல்வதும் சிட்டையில் எழுதுவதும் எங்கள் கடை வேலைதான் என்பதால், அந்த இடத்திலேயே எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்துவிட்டது. அளக்காமல் விலை சொல்கிறவரிடம் நான் துணி கொடுக்க மாட்டேன்.

"நூல் கடித்ததில் பல்லின் நுனிதான் தேய்ந்திருக்கிறது, ஐயா. ஈறு போனது நீங்கள் பல் தேய்க்கிற வேகத்தில்" என்றார். கடினமான பிரஷ்ஷை வைத்து ரம்பம் அறுப்பதுபோல இழுத்தால், ஈறு மெல்லியதாக உள்ளவர்களுக்கு அது விலகிக்கொண்டே போகுமாம். வலக்கைக்காரர்களுக்கு இடப்பக்கம்தான் அடி அதிகம். அண்ணத்திலிருந்து கொஞ்சம் சதை எடுத்து வேரின்மேல் ஒட்டுப் போடுவதுதான் வழியாம். அந்த அறுவைக்கு நாள் குறிப்பதற்கு முன்பே மென்மையான பிரஷ் வாங்க வைத்து, மூன்று வாரம் தேய்த்துக் காட்டச் சொன்னார். கை மாறாவிட்டால் புது ஒட்டும் அதே வழியில் போய்விடும் என்பது அவர் கணக்கு. பிரஷ் விலை 40 ரூபாய். மொத்தச் செலவில் மலிவானது அதுதான்.

இந்த கிளினிக்குக்கு முன்னால் இரண்டு இடங்களில் விசாரித்திருந்தேன். விலை எதனால் மாறுகிறது என்று எனக்குப் புரிந்தது அந்த அலைச்சலில்தான்.

முதல் இடத்தில் போனிலேயே "7,500 ரூபாய்தான்" என்றார்கள். ஆசையோடு போனேன். நாற்காலியில் சாய்ந்த பிறகுதான் அது ஒரு பல்லுக்கு என்று தெரிந்தது. எனக்கு இரண்டு பல், ஆக 15,000. அண்ணத்தில் சதை எடுப்பதற்குத் தனியாக 4,000, தையலுக்கு 2,000, லேசருக்கு 3,000, முன்னதாகப் பல் காரையைச் சுரண்டி எடுக்கும் ஸ்கேலிங்குக்கு 2,000, வெளியிலிருந்து வரும் நிபுணருக்கு 3,000. கூட்டினால் 29,000. ஜாக்கெட் தையல் 350 என்று போர்டு வைத்துவிட்டு, லைனிங் தனி, பைப்பிங் தனி, கொக்கி தனி என்று பில் போடுகிற கடைகள் எங்கள் தெருவிலும் உண்டு. கொக்கி இல்லாமல் ஜாக்கெட்டை எப்படிப் போடுவது? தையல் இல்லாமல் ஈறு ஒட்டு எப்படி நிற்கும்? நிபுணர் வெளியிலிருந்து வருவதில் தவறு இல்லை. ஈறு அறுவையைத் தினமும் செய்கிறவர்கள் எல்லாக் கிளினிக்கிலும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். அதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம் என்பதுதான் என் வருத்தம்.

இரண்டாவது இடத்தில் ஏசி, காபி, அச்சடித்த மதிப்பீடு எல்லாம் இருந்தன. தொகை 48,000. அங்கே ஒளிவுமறைவு எதுவும் இல்லை. அண்ணத்தில் கை வைக்காமல், பெட்டியில் வரும் கொலாஜன் படலத்தை வெட்டி வைத்துத் தைக்கும் முறை அது. வாயில் இரண்டாவது புண் கிடையாது, வலி குறைவு, ஆனால் அந்தத் துண்டின் விலை நம் தலையில் விழும். ஆறு பல், எட்டுப் பல் என்று ஈறு இறங்கியவர்களுக்கு அண்ணத்தில் அவ்வளவு சதை கிடைக்காதாம். அவர்கள் இதை யோசிக்கத்தான் வேண்டும். அந்தப் படலம் எதிலிருந்து வருகிறது என்று கேட்டேன். பன்றித் திசுவிலிருந்தும் வரும், மாட்டுத் திசுவிலிருந்தும் வரும், பதப்படுத்திய மனிதத் தோலிலிருந்தும் வரும் என்றார்கள். பக்கத்துக் கடை பாயிடம் இதைச் சொன்னபோது, "நல்ல வேளை கேட்டீர்கள், கேட்காமல் நான் போட்டுக்கொண்டிருப்பேன்" என்றார். கேட்டால் சொல்கிறார்கள், கேட்க வேண்டும்.

கே.கே. நகர் டாக்டரிடம் போனபோது என் முதல் கேள்வி, "பல்லுக்கா, இடத்துக்கா?" என்பதுதான். அவர் கொஞ்சம் யோசித்து, "பக்கத்துப் பக்கத்துப் பல் என்பதால் ஒரே துண்டு போதும். முதல் பல்லுக்கு 12,000, ஒட்டினாற்போல இருக்கும் பல்லுக்குப் பாதி" என்றார். இதே இரண்டு பல்லும் ஒன்று இடப்பக்கமும் ஒன்று வலப்பக்கமுமாக இருந்திருந்தால் இரண்டு அறுவை, இரண்டு முழுக் கட்டணம். ஒரே துணியில் இரண்டு கிழிசல் அருகருகே இருந்தால் ஒரே ஒட்டுப் போடுவோம், கூலியும் அப்படித்தான் வாங்குவோம்.

பில்லை அப்படியே சொல்லிவிடுகிறேன். ஆலோசனைக்கு 300, எக்ஸ்ரே இரண்டுக்கு 500, ஸ்கேலிங்குக்கு 1,800, அறுவைக்கு 18,000, அண்ணத்தை மூடும் பிளாஸ்டிக் தகடுக்கு 1,500. வெளியே லேபில் சர்க்கரையும் ரத்தம் உறையும் நேரமும் பார்த்ததற்கு 900. மருந்தும் வாய் கொப்பளிக்கும் தண்ணீரும் 740. தையல் பிரித்ததும் அதன் பிறகு மூன்று முறை பார்த்ததும் அறுவைத் தொகைக்குள்ளேயே அடக்கம். சிகிச்சைக்கு ஜி.எஸ்.டி. போடவில்லை, மருத்துவ சிகிச்சைக்கு விலக்கு உண்டு. இன்சூரன்ஸ் ஏஜென்ட்டிடம் கேட்டதற்கு, விபத்தில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் தவிர என் பாலிசியில் பல்லுக்குப் பணம் வராது என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

பில்லில் வராத செலவு ஒன்று உண்டு. ஐந்து நாள் கடை பூட்டு. சித்திரையில் அழகர் வேடத்துக்கும் கருப்பசாமி வேடத்துக்கும் உடை தைக்கிற நேரத்தில் ஐந்து நாள் பூட்டினால் என் குடும்பம் அறுவைச் செலவைவிட அதிகமாக இழக்கும். டாக்டரிடம் சொல்லி வைகாசிக்குத் தள்ளிப்போட்டேன். "ஈறு ஒரு மாதத்தில் ஓடிப்போகாது, பிரஷ்ஷை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார். அவசரப்படுத்தாதது எனக்குப் பிடித்திருந்தது.

அறுவையைப் பற்றி. அண்ணத்தில் போடும் மரத்துப்போகிற ஊசிதான் வலி. மற்றது ஒன்றுமே இல்லை. கண்ணாடியில் காட்டச் சொல்லிக் கேட்டேன், மறுத்துவிட்டார்; செய்வதை வாயால் சொல்லிக்கொண்டே வந்தார். அண்ணத்தின் மேல்தோலைக் கதவுபோலத் திறந்து, அதன் அடியில் இருக்கும் படலத்தை மட்டும் ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துக்கு எடுத்து, கதவை மூடித் தைத்துவிடுகிறார். கோட்டின் வெளித்துணி கலையாமல் லைனிங்கை மட்டும் உருவி எடுப்பதற்குச் சமம். மேல்தோலோடு சேர்த்து எடுக்கும் இன்னொரு முறையும் உண்டு. அது வேலை சுலபம், ஆனால் அண்ணம் திறந்த புண்ணாகக் கிடக்கும், நிறமும் திட்டாகத் தெரியும் என்றார். எடுத்த லைனிங்கை வேரின்மேல் பரப்பி, இருக்கிற ஈறைத் தளர்த்தி இழுத்து அதன்மேல் போர்த்தித் தைத்தார். ஒன்றரை மணி நேரத்துக்கு ஐந்து நிமிடம் குறைவு. கட்டணத்தில் பெரும்பங்கு அந்த நேரத்துக்கும் கைக்கும்தான் என்று நாற்காலியில் கிடந்தபோதே புரிந்துவிட்டது. சொந்தச் சதைக்கு விலை இல்லை, அதைக் கிழியாமல் எடுக்கிற விரலுக்குத்தான் விலை.

தையல் பிரித்த நாளில் நூலைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். தலைமுடியைவிட மெல்லியது, நீல நிறம். ஆறு சைபர் என்றார். சைபர் கூடக் கூட நூல் மெலியும், விலை ஏறும். எங்கள் நூல்கண்டிலும் நம்பர் ஏறினால் நூல் மெலியும். இவ்வளவு மெல்லிய நூலில், கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு, ஈரமான இடத்தில், இழுத்தால் கிழிகிற சதையில் பதினோரு தையல். ஒரு தையல்கூடக் கோணவில்லை. தொழில்காரன் சொல்கிறேன், அந்தக் கைக்கு 18,000 கொடுக்கலாம்.

இனிக் குறைகள். காலை பத்தரைக்கு வரச் சொல்லிவிட்டு உள்ளே அழைத்தது பதினொன்று ஐம்பதுக்கு. ஒவ்வொரு முறையும் இதே கதை. அண்ணத்துப் புண் ஈறைவிட வலிக்கும் என்பதை இன்னும் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். தகடு தேவையா என்று நான் பேரம் பேசினேன். மூன்றாம் நாள் இரவு அதைக் கழற்றிவிட்டுத் தூங்கியதில் அண்ணத்தில் ரத்தம் கசிந்து தலையணை உறையெல்லாம் கறை. மனைவி பயந்துபோய்ப் போன் செய்தபோது மணி பதினொன்றரை. டாக்டரே எடுத்தார். "ஈரமான சுத்தத் துணியை மடித்து அண்ணத்தில் பத்து நிமிடம் அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள் அம்மா, துப்ப வேண்டாம்" என்றார். நின்றுவிட்டது. அந்த 1,500 ரூபாயை நான் பிறகு குறை சொல்லவில்லை.

இரண்டு வாரம் அந்தப் பக்கம் பிரஷ் கூடாது. உதட்டைத் தூக்கிப் பார்க்கவே கூடாது. ஒட்டு முதல் சில நாள் அடியிலிருந்து ஊறும் ஈரத்தில்தான் பிழைக்கிறதாம், அசைத்தால் செத்துவிடும். ஆறிய ரசம் சாதம், தயிர் சாதம், ஆறிய கஞ்சி. வீட்டில் வறுத்த கறி மணக்க மணக்க நான் கஞ்சி குடித்தேன் என்பதை இங்கே பதிவு செய்து வைக்கிறேன்.

என் அனுபவத்தைக் கேட்டு மச்சினனும் போனான். அவனுக்கு இரண்டு பல்லுக்கு நடுவே உள்ள எலும்பே கரைந்து, பல்லிடுக்கில் இருக்கவேண்டிய ஈறு முக்கோணம் போய்விட்டது. ஈறு இறக்கத்தை நான்கு வகையாக மில்லர் என்பவர் 1985-இல் பிரித்திருக்கிறாராம். என்னுடையது முதல் வகை, அவனுடையது மூன்றாவது. "உங்களுக்குச் செய்தாலும் முழுதாக மூடாது, பாதிதான் வரும். முதலில் ஈறு நோயை நிறுத்துவோம், புகையிலையை விடுங்கள், ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம்" என்று அனுப்பிவிட்டார். "பணம் கொண்டுபோயும் வேலை செய்யவில்லை மாமா" என்று என்னிடம் கோபித்துக்கொண்டான். நான் இந்த கிளினிக்குக்கு ஒரு நட்சத்திரம் கூட்டிக் கொடுத்தது அதற்காகத்தான்.

ஏழு மாதம் ஆகிவிட்டது. போன வாரம் அதே கம்பியை வைத்து அளந்தார். கோரைப்பல்லில் நான்கு இருந்தது அரை மில்லிமீட்டர் ஆகிவிட்டது; பக்கத்துப் பல்லில் மூன்று இருந்தது ஒன்றில் நிற்கிறது. அந்த ஒன்று இனி மூடாது என்று ஒப்புக்கொண்டார். நிறம் சேர்ந்துவிட்டது, ஒட்டின் விளிம்பு எங்கே என்று கண்ணாடியில் எனக்கே தேட வேண்டியிருக்கிறது. மார்கழிக் காலையில் குழாய்த் தண்ணீரில் வாய் கொப்பளித்தேன், கூசவில்லை.

ஐந்துக்கு நான்கு. காத்திருக்க வைத்ததற்கு ஒன்று கழித்தேன். போகிறவர்கள் செவ்வாய், வியாழன் மாலையில் போங்கள், கூட்டம் குறைவு. லிஃப்ட் கிடையாது, படி பதினெட்டு, கைப்பிடி இடப்பக்கம் மட்டும்தான்.