85 செ.மீ. எலும்புக்கூடு மாடல்: ரெண்டு மாசம் வச்சுப் பாத்தாச்சு

மக லெவன்த்ல விலங்கியல் எடுத்துருக்கா, படத்தப் பாத்து படிச்சது எதுவும் மனசுல நிக்கலன்னு ஆன்லைன்ல இந்த பிளாஸ்டிக் எலும்புக்கூட வாங்கினேன், ஸ்டாண்டோட சேத்து 2,650 ரூபா. காரைக்குடிக்கு வந்து சேர அஞ்சு நாள் ஆச்சு. பாக்ஸப் பிரிச்சா கீழ்த்தாடை ஸ்பிரிங் ஒரு பக்கம் பிஞ்சு கெடக்கு, போட்டோ எடுத்து மூணு தடவ எழுதியும் வித்தவங்ககிட்ட இருந்து பதிலே இல்ல, கடைசில சைக்கிள் கடையில ஒரு குட்டி ஸ்பிரிங் வாங்கி நாங்களே மாட்டிட்டோம். பேக்கிங் ரொம்ப மோசம்.

ஆனா பொருள் நல்ல பொருள். கை கால் கழட்டி மாட்டலாம், மண்டையோட்டு மூடி தனியா வரும், முதுகெலும்பு நல்லா வளையும். அந்த முதுகெலும்போட அடி நுனிய மட்டும் ஒரு நிமிஷம் விரலால தடவிப் பாருங்க, மூணு நாலு சின்ன எலும்பு ஒட்டிக்கிட்டு உள்பக்கமா சுருண்டிருக்கும், அதான் நம்ம வாலோட மிச்சம். வயித்துல கரு அஞ்சு வாரமா இருக்கப்ப நெசமாவே ஒரு வால் இருக்கும், எட்டாவது வாரத்துக்குள்ள மறஞ்சுரும். கைய எடுத்துக்கிட்டா மேல ஒரு எலும்பு, அதுக்குக் கீழ ரெண்டு, அப்புறம் மணிக்கட்டுல பொடிப்பொடியா நெறைய. வௌவால் றெக்கையிலயும் திமிங்கலத் துடுப்புலயும் இதே வரிசதான். 2004ல கனடாவோட வடகோடியில கெடச்ச டிக்டாலிக்ன்னு ஒரு மீன் இருக்கு, 37.5 கோடி வருஷம் பழசு, அதோட துடுப்புக்குள்ளயே இந்த வரிசை ஆரம்பிச்சுருச்சு.

வந்த அன்னைக்கு எங்க மாமியார், வெளக்கு வைக்கிற வீட்டுல எலும்புக்கூடா ஆத்தா, பின்கட்டுல கொண்டு போய் வையின்னுட்டாங்க. வச்சோம். நாலு நாள் கழிச்சு அவங்களே வந்து இடுப்புக்கு மேல ஒரு எடத்தத் தொட்டு, எனக்கு இங்கதான் வலிக்குதுன்னாங்க. மக பக்கத்துல உக்காந்து, நாலு கால்ல நடந்த உடம்பு நிமிந்தப்ப மொத்த பாரமும் இங்க எறங்கிருச்சு அப்பத்தான்னு ஒவ்வொரு எலும்பாத் தொட்டுச் சொன்னா. 1974ல எத்தியோப்பியாவுல கெடச்ச, லூசின்னு பேரு வச்ச நம்ம ஆதி முன்னோர் இனத்து எலும்புக்கூட்டோட இடுப்பெலும்பு ஏறக்கொறைய 32 லட்சம் வருஷம் பழசு, அப்பவே நிமிந்துதான் நடந்துருக்காங்க, மூளை மட்டும் சிம்பன்சி அளவுதான்.

எங்க பின்கட்டுச் சுவரு பழைய பூச்சு, கிளிஞ்சல் சுண்ணாம்புல முட்டை வெள்ளக்கரு விட்டுத் தேச்சது, இன்னமும் தொட்டா ஜில்லுன்னு வழுவழுன்னு இருக்கும். மக அதுல கன்னத்த வச்சுக்கிட்டு, அம்மா இந்தச் சுவத்துல இருக்கிற கால்சியமும் நம்ம எலும்புல இருக்கிறதும் ஒண்ணுதானேன்னா. ஆமா, ஒண்ணுதான். நம்ம உடம்புல ஒரு கிலோ போல கால்சியம் இருக்கு, பூமி உருவான 460 கோடி வருஷத்துக்கும் முன்னாடி வெடிச்ச நட்சத்திரங்கள்ல இருந்து வந்தது அது. உடம்புத் தண்ணியில இருக்கிற ஹைட்ரஜன் இன்னும் பழசு, 1380 கோடி வருஷம். உடம்புல இரும்பு மொத்தமா மூணு நாலு கிராம் இருக்கும், வெண்குள்ளன்னு சொல்ற செத்த நட்சத்திரம் சூரியனப் போல 1.4 மடங்கு எடைய நெருங்கி வெடிக்கிறப்ப அதுல பெரும்பங்கு உருவாகுது. அந்த 1.4 கணக்கப் போட ஆரம்பிச்சது நம்ம விஞ்ஞானி சந்திரசேகர், 1930ல இங்கிலாந்துக்குக் கப்பல்ல போறப்ப, அப்ப வயசு 19. இதச் சொன்னப்ப மக மொகத்தப் பாக்கணுமே!

எனக்கு இருக்கிற பெரிய கொறை, காதெலும்பு இல்ல. பெட்டியில 206 எலும்புன்னு போட்டுருக்கு, காதுக்குள்ள ஒரு பக்கத்துக்கு மூணுன்னு இருக்க வேண்டிய ஆறும் இதுல கெடையாது. ஒரு பக்கத்து மூணுல ரெண்டு நம்ம ரொம்பப் பழைய முன்னோருக்குத் தாடை மூட்டா இருந்த எலும்பு, மெல்லுறதுக்கு இருந்தது சுருங்கிச் சுருங்கி கேக்குறதுக்கு ஆயிருச்சு, சொல்லிக் குடுக்கவே ஆசையா இருக்கிற எடம் அது, அங்க வெறும் ஓட்டைதான் இருக்கு. பெருசு பண்ணின காது மாடல் தனியாத்தான் வாங்கணும்.

அஞ்சுக்கு நாலு தரலாம். வாங்குறவங்க பாக்ஸப் பிரிக்கிறப்பவே வீடியோ எடுத்துருங்க, தாடை ஸ்பிரிங்க மொதல்ல பாருங்க.