யூ இல்லாமல் கியூவை இறக்குவது: நீண்ட நாள் ஆட்டத்தில் தேறிய சொற்கள்

எழுத்து டைல்களைப் பலகையில் அடுக்கிச் சொல் அமைக்கும் ஆட்டமான ஆங்கில ஸ்கிராபிளில் கியூ (Q) ஒன்றே ஒன்று; மதிப்பு 10. ஆங்கிலத்தில் கியூவை அடுத்துப் பெரும்பாலும் யூ (U) வரும்; அந்த யூ மொத்தமே நான்கு. யூ வரட்டும் என்று கியூவைக் கையில் வைத்துக் காத்திருப்பவர், கையில் ஏழு இருந்தும், உண்மையில் ஆறு எழுத்தோடுதான் ஆடுகிறார். ஏழு எழுத்தையும் ஒரே முறையில் இறக்கிப் பெறும் 50 புள்ளி போனஸ் அவருக்கு எட்டாமலே போகும்.

அதிகம் கைகொடுப்பது கியூ-ஐ (QI) என்ற சொல். சீன மரபில் உயிராற்றலைக் குறிக்கும் சொல், உச்சரிப்பு ‘ச்சீ’. எஸ் சேர்த்தால் பன்மை. ஆட்டத்தில் செல்லும் சொற்களின் வட அமெரிக்கப் பட்டியலில் 2006-ல்தான் இடம்பெற்றது. ஐ ஒன்பது இருப்பதால் ஏதாவது ஒன்று கையிலோ பலகையிலோ அகப்பட்டுவிடும்.

வைக்கும் எழுத்தின் மதிப்பை மூன்று மடங்காக்கும் கட்டத்தின் நேர் கீழே, குறுக்காக எழுதிய டாக்ஸி (TAXI) என்ற சொல்லின் கடைசி ஐ இருக்கிறது, சுற்றிலும் காலி என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கட்டத்தில் கியூ, அதன் வலப்பக்கம் கையிலுள்ள ஐ. குறுக்கே 31, நெடுக்கே 31. இரண்டே எழுத்தில் 62 புள்ளி! எந்த எழுத்தாகவும் வைக்கக்கூடிய வெற்று டைலைக் கியூவாக வைத்தால் மட்டும் இது பலிக்காது, அதற்கு மதிப்பு சுழியம்.

அடுத்தது அரபி வழி வந்தவை. அடித்தொண்டையில் எழும் ‘க’ ஒலியை ஆங்கிலத்தில் கியூவால் எழுதுவார்கள். பக்கீர், தலாக், நிகாப், புர்கா எல்லாம் தமிழ்க் காதுக்குப் பழகியவை. அந்தக் ‘க’ வரும் இடத்தில் கியூவைப் போட்டால் எழுத்துக்கூட்டல் தானாக வந்துவிடும். நிலத்தடி நீர்க்கால்வாயான கனாத், மெல்லும் இலையான காத் இரண்டும் கியூவில் தொடங்குபவை. சந்தையைக் குறிக்கும் எஸ்-யூ-கியூவில் யூ முன்னாலேயே வந்துவிடுகிறது. கியூவில் முடியும் சொல் பலகையின் வலது ஓரத்தில் அருமையாகப் பொருந்தும்.

எம்-பி-ஏ-கியூ-ஏ-என்-ஜி-ஏ போன்ற எட்டெழுத்துச் சொல்லுக்கு மெனக்கெட வேண்டாம். தென்னாப்பிரிக்க இசை வகையின் பெயர் அது; அழகான சொல்தான், ஆனால் இறக்க வாய்ப்பு அமைவதே அபூர்வம்.

வழக்கமாகச் சறுக்கும் இடம் இராக், கத்தார். நாட்டுப் பெயர்கள் என்பதால் செல்லாது. சில சொற்கள் காலின்ஸ் அகராதியின் ஸ்கிராபிள் பட்டியலில் இருக்கும், வட அமெரிக்கப் பட்டியலில் இருக்காது. எந்தப் பட்டியல் என்பதை முதல் எழுத்து விழுமுன்பே பேசி முடிவுசெய்யுங்கள்.

எழுத்துகளை எடுக்கும் பையில் ஏழுக்கும் குறைவாக இருந்தால் எழுத்தை மாற்ற முடியாது. ஆட்டம் முடியும்போது கியூ கையில் தங்கினால் உங்களுக்கு 10 குறையும், எழுத்துகளைத் தீர்த்து முடித்தவருக்கு 10 கூடும்; வித்தியாசம் 20. அதனால் பை வற்றுவதற்குள், பலகையில் ஐக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஒரு முறையை இழந்தாலும் பரவாயில்லை, மாற்றிவிடுங்கள். பை காலியாகியும் கியூ வெளிவரவில்லை, உங்களிடமும் இல்லை என்றால் அது எதிராளியிடம்தான் இருக்கிறது. கியூ-ஐ நுழையக்கூடிய கட்டங்களை முதலில் அடைத்துவிடுங்கள்.