மின்ஜேயா, யங்குவோனா? இளம் டிஃபெண்டர் யாரைப் பார்த்துப் பழகுவது

அக்கா மகன் பள்ளி கால்பந்து அணியில் சென்டர் பேக்காக, அதாவது கோலுக்கு முன்னே நடுவில் நிற்கும் டிஃபெண்டராக ஆடத் தொடங்கியதும், "மாமா, யாரோட மேட்ச்சைப் பார்க்கட்டும்?" என்று கேட்டான். தென் கொரிய அணியை விடாமல் பார்த்து வருகிறவன் நான். அதனால் என் மனதில் வந்தவை இரண்டே பெயர்கள்: கிம் மின்ஜே, கிம் யங்குவோன். 2022 கத்தார் உலகக் கோப்பை வரை, பயிற்சியாளர் பாவ்லோ பென்டோவின் அணியில் அருகருகே நின்று ஆடியவர்கள். நான் அவனுக்கு யங்குவோனைத்தான் சொன்னேன். நிறையப் பேர் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று தெரியும்.

பேர், பணம், கோப்பை என்று பார்த்தால் பேச்சுக்கே இடமில்லை, மின்ஜேதான். பல்கலைக்கழகத்தை விட்டுவிட்டு 2016இல் கியொங்ஜூவில் ஒரு அணுமின் நிறுவனத்தின் அணியில் ஆடியவர். அடுத்த ஆண்டே ஜியோன்புக் அணியில் தென் கொரியாவின் கே லீக் பட்டம். பிறகு சீனாவின் பெய்ஜிங், 2021இல் துருக்கியின் ஃபெனர்பாச்சே, 2022இல் இத்தாலியின் நாப்போலி. அங்கே டிஃபெண்டர் கூலிபாலி விட்டுப்போன இடத்தில் நின்று, 33 ஆண்டுகளுக்குப் பிறகு அந்த ஊருக்கு இத்தாலிய லீக் பட்டம் வர உதவினார். அந்த சீசனின் சிறந்த டிஃபெண்டர் விருதும் அவருக்கே. 2023இல் ஜெர்மனியின் பேயர்ன் மியூனிக் சுமார் 5 கோடி யூரோ கொடுத்து வாங்கியது. அதே ஆண்டு உலகின் சிறந்த வீரருக்கான பாலோன் டோர் விருதுப் பட்டியலில் 22ஆம் இடம்; அந்தப் பட்டியலில் இருந்த டிஃபெண்டர்களில் அவர்தான் முதலில்.

யங்குவோன் ஐரோப்பிய கிளப் எதற்கும் ஆடியதே இல்லை. ஜப்பானில் எஃப்.சி. டோக்கியோ, ஒமியா, சீனாவில் குவாங்சோ எவர்கிராண்டே, மீண்டும் ஜப்பானில் கம்பா ஒசாகா, 2022 முதல் சொந்த நாட்டில் உல்சான். குவாங்சோவோடு 2013, 2015 ஆசிய சாம்பியன்ஸ் லீக் பட்டங்கள் உண்டு. சீன லீக்கில் அவர் ஆடியதை நான் முழு ஆட்டங்களாகப் பார்த்தது குறைவு. அதனால் அந்த ஆண்டுகளை வைத்து வாதாட மாட்டேன். தேசிய அணியிலும் உல்சானிலும் பார்த்ததை வைத்தே சொல்கிறேன்.

தென் கொரிய ஆண்களுக்கான கட்டாய ராணுவ சேவை விஷயத்தில் இருவரும் சமம். யங்குவோனுக்கு 2012 லண்டன் ஒலிம்பிக் வெண்கலத்தால் விலக்கு கிடைத்தது, மின்ஜேவுக்கு 2018 ஆசிய விளையாட்டுத் தங்கத்தால்.

என் முடிவைத் தீர்மானித்தது ஒரே கேள்வி: இவர் செய்வதில் எதைப் பார்த்துக் கற்றுக்கொள்ள முடியும்?

மின்ஜே ஆடுவதைக் கொஞ்சம் கவனியுங்கள். எதிரணி ஸ்ட்ரைக்கர் பந்தை வாங்க இறங்கி வந்தால், இவர் தன் வரிசையை விட்டு அவர் முதுகோடு ஒட்டிக்கொண்டு வருவார். பந்து வருவதற்குள் காலை நீட்டித் தட்டிவிடுவார். தவறிப்போனாலும் கவலையில்லை. 190 செ.மீ. உயரம், நீண்ட எட்டு, திரும்பி ஓடினால் விங்கரையே பிடித்துவிடும் வேகம். நாப்போலி முன்னேறி நின்று ஆடியபோது பின்னால் கிடந்த அவ்வளவு பெரிய வெட்டவெளியை அவர் இப்படித்தான் காத்தார். பார்க்கப் பார்க்க அலுக்காது.

ஆனால் அந்த ஆட்டம் முழுக்க அந்த உடம்பை நம்பி நிற்கிறது. பதினைந்து வயதுப் பையன் அந்தப் பாய்ச்சலை மட்டும் பழகினால், திரும்பிப் பிடிக்கும் வேகம் எங்கிருந்து வரும்? மின்ஜேவுக்கே அது கைகொடுக்காத நாள் உண்டு. 2024 ஏப்ரல் 30, சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி, ரியல் மாட்ரிட் மியூனிக்கில் ஆடுகிறது. மாட்ரிட்டின் வினீசியஸ் பந்து கேட்பதுபோல் இறங்கி வருகிறார், மின்ஜே கூடவே வருகிறார். வினீசியஸ் சட்டென்று திரும்பி ஓட, மின்ஜே விட்டுவந்த இடத்துக்குள் அவர் அணியின் டோனி க்ரூஸ் பந்தை உருட்டிவிடுகிறார். கோல். அதே ஆட்டத்தின் கடைசிப் பகுதியில் ரோட்ரிகோவை மின்ஜே வீழ்த்தியதால் பெனால்டி, ஆட்டம் 2-2. அடுத்த சீசனில் குதிகால் தசைநாண் வலியோடு மாதக்கணக்கில் ஆட வேண்டியிருந்தது. வேகத்தை நம்பி ஆடுபவருக்கு அதைவிடப் பெரிய சோதனை இல்லை.

யங்குவோனிடம் அந்த வேகம் எப்போதுமே கிடையாது. அதனால் அவர் முன்கூட்டியே பார்த்தாக வேண்டும். பந்து எதிரணி நடுக்கள வீரரிடம் இருக்கும்போதே இரண்டு அடி பின்வாங்கி, உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி வைத்துக்கொள்வார். பக்கத்தில் இருப்பவர் முன்னே போனால் இவர் அவருக்குப் பின்னால் சாய்ந்து நிற்பார். மின்ஜே தேசிய அணியில் துணிந்து பாய முடிந்ததற்கு இவர் அப்படி நின்றதும் ஒரு காரணம் என்பேன். டிவி கேமரா இதைக் காட்டாது, பந்தின் பின்னால்தான் போகும். மைதானம் முழுதும் தெரியும் காட்சி கிடைத்தால் மட்டுமே புரியும்.

அப்புறம் அந்த இடது கால். இடது சென்டர் பேக் இடதுகாலராக இருந்தால், கோல்கீப்பர் தரும் பந்தை வாங்கிய கையோடு கோட்டோரம் இருக்கும் லெஃப்ட் பேக்குக்குத் தள்ளிவிடலாம். வலதுகாலர் என்றால் பந்தை உள்ளே இழுத்துத் திருப்ப வேண்டும். அந்த ஒரு நொடியில் எதிரணி மேலே வந்து விழும். பேயர்னில் மின்ஜே பல நேரம் இடப்பக்கம் நின்றபோது இந்தச் சிக்கலைப் பார்த்தேன்.

மனத்திடத்தையும் சொல்ல வேண்டும். 2017 ஆகஸ்டில் சியோலில் ஈரானோடு கோலின்றி சமன் ஆனபோது யங்குவோன்தான் கேப்டன். ரசிகர்கள் கூச்சலில் பேசுவதே கேட்கவில்லை என்று சொல்லிவிட்டு நாடு முழுக்க வாங்கிக்கட்டிக்கொண்டார், மன்னிப்பும் கேட்டார். பத்து மாதம் கழித்து ரஷ்யாவின் கசானில் நடப்புச் சாம்பியன் ஜெர்மனி. தொண்ணூறு நிமிடம் கோல் விடாமல் பிடித்து, அதற்கும் மேல் ஒரு கார்னரில் இவரே கோல் அடித்தார். ஆஃப்சைடு கொடி உயர்ந்தது. பந்து ஜெர்மன் வீரர் காலில் பட்டு வந்தது, அதனால் ஆஃப்சைடு ஆகாது என்று வீடியோவில் பார்த்து நடுவர் கோல் கொடுத்தார். முடிவு 2-0, ஜெர்மனி வெளியே. கத்தாரில் போர்ச்சுகலுக்கு எதிராக மின்ஜே கெண்டைக்கால் காயத்தால் ஆடவில்லை. அன்று சமன் செய்த கோல் யங்குவோனுடையது. கார்னர் பந்து ரொனால்டோவின் முதுகில் பட்டு விழுந்த இடத்தில் சரியாக நின்றிருந்தார். அடுத்த பிரேசில் ஆட்டம் தேசிய அணிக்காக அவருக்கு நூறாவது. 2023இல், 33 வயதில், கே லீக்கின் சிறந்த வீரர் விருது.

ஒரு விஷயம் விட்டுக்கொடுக்கிறேன். பையன் நல்ல உயரம், நல்ல ஓட்டம், அணியும் நடுக்கோடு வரை ஏறி ஆடுகிறது என்றால் மின்ஜேயின் நாப்போலி சீசனை முதலில் பார்க்கட்டும். எங்கள் வீட்டுப் பையன் அப்படி இல்லை. அவனுக்குக் கசான் ஆட்டத்தை முதல் நிமிடத்திலிருந்து போட்டுக் கொடுத்திருக்கிறேன். பந்தைப் பார்க்காமல் 19ஆம் எண் சட்டையை மட்டும் பார் என்றேன்.