வில்லா, கோயிங் டுவா, வெறும் ‘இங்’கா?

‘நாளைக்கு வருவேன்’ என்பதை ஆங்கிலத்தில் சொல்லுங்கள் என்றால் யோசிக்காமல் ‘ஐ வில் கம் டுமாரோ’ என்போம். தப்பில்லை. ‘வில்’ என்றால் எதிர்காலம் என்றுதான் பள்ளியில் மனப்பாடம் செய்தோம். சிக்கல் என்னவென்றால், ஆங்கிலத்தில் எதிர்காலத்துக்கென்று வினையின் வடிவம் மாறுவதே இல்லை. இறந்தகாலத்துக்கு ‘வாக்’ என்பது ‘வாக்ட்’ ஆகிறது. எதிர்காலத்துக்கு அப்படி ஒன்றும் கிடையாது. பக்கத்தில் எதையாவது ஒட்டவைத்துத்தான் ஒப்பேற்றுகிறார்கள். அப்படி ஒட்டவைக்க நாலைந்து போட்டியாளர்கள் இருக்கிறார்கள். எதை எடுப்பது என்பது பெரும்பாலும் அந்த முடிவை எப்போது எடுத்தீர்கள் என்பதைப் பொறுத்தது.

ஆபீஸில் மேனேஜர் வந்து, “அந்த கஸ்டமரிடம் பேசியாச்சா?” என்று கேட்கிறார். இன்னும் பேசவில்லை. மூன்று பதில்கள் சொல்லலாம்.

“ஐ’ல் கால் ஹிம்.”
“ஐ’ம் கோயிங் டு கால் ஹிம்.”
“ஐ’ம் காலிங் ஹிம் அட் ஃபோர்.”

மூன்றுக்கும் அர்த்தம் ஒன்றுதானே என்று நமக்குத் தோன்றும். கேட்பவர் காதில் அப்படி விழாது. முதல் பதிலில், அவர் கேட்ட பிறகுதான் உங்களுக்கு ஞாபகமே வந்தது என்று தெரிந்துவிடும். ‘சரி சரி, பேசிடறேன்’ என்ற தொனி. இரண்டாவதில், ஏற்கெனவே மனதில் வைத்திருந்தீர்கள், நேரம்தான் வரவில்லை. மூன்றாவதில், அந்த கஸ்டமரிடமே நாலு மணி என்று பேசி வைத்தாயிற்று. திட்டு வாங்காமல் தப்பிக்க வேண்டுமென்றால் மூன்றாவதுதான் நல்லது, அது உண்மையாக இருக்கும்பட்சத்தில்.

ஓட்டலிலும் இதே கதை. சர்வர் வருவதற்கு முன் நண்பரிடம் சொல்வது “ஐ’ம் கோயிங் டு ஹேவ் எ மசாலா தோசை”. வீட்டிலிருந்து கிளம்பும்போதே எடுத்த முடிவாகக்கூட இருக்கலாம். சர்வர் எதிரில் நின்றதும் அதே ஆள் “ஐ’ல் ஹேவ் எ மசாலா தோசை” என்பார். ஆர்டர் கொடுப்பது அந்த நொடியில் நடக்கிற காரியம், அதனால் அங்கே ‘வில்’. காலிங் பெல் அடித்தால் “ஐ’ல் கெட் இட்” என்று எழுந்திருப்பதும் அப்படித்தான். அங்கே போய் ‘ஐ’ம் கோயிங் டு கெட் இட்’ என்றால், பெல் அடிக்கும் என்று முன்கூட்டியே தெரிந்து காத்திருந்தவர் போல ஆகிவிடும்.

‘கோயிங் டு’வுக்கு இன்னொரு வேலையும் உண்டு. அறிகுறி கண்ணெதிரே தெரியும்போது அதுதான் வர வேண்டும். மேஜை விளிம்பில் டம்ளர் பாதி வெளியே நிற்கிறது. “இட்ஸ் கோயிங் டு ஃபால்!” தமிழிலும் ‘விழப் போகுது!’ என்றுதான் கத்துவோம், ‘விழும்!’ என்று யாரும் கத்துவதில்லை. ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் எந்த உறவும் கிடையாது. இருந்தும் இரண்டுமே இந்த இடத்துக்கு ‘போ’ என்ற வினையைத்தான் பிடித்து வைத்திருக்கின்றன. பிரெஞ்சுக்காரர்களும் அதையேதான் செய்கிறார்கள். ஆகவே நமக்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது: பேச்சுத் தமிழில் ‘செய்யப் போறேன்’ என்று வாயில் வந்தால் ‘கோயிங் டு’ போடுங்கள். பெரும்பாலும் சரியாக வரும்.

‘கோயிங் டு’ பேச்சில் ‘கானா’ என்று சுருங்குவதைக் கேட்டிருப்பீர்கள். எதிர்காலத்தைக் குறிக்கும்போது மட்டும்தான் அது சுருங்கும். ‘ஐ’ம் கானா ஸ்லீப்’ உண்டு. ஊருக்குப் போவதற்கு ‘ஐ’ம் கானா மதுரை’ என்று எந்த ஆங்கிலேயரும் சொல்ல மாட்டார். அங்கே அது நிஜமாகவே கால் நடந்து போகிற ‘போ’.

வெறும் ‘இங்’, அதாவது மேனேஜரிடம் சொன்ன ‘ஐ’ம் காலிங்’ வகை, தமிழருக்கு ரொம்ப வசதியானது. ‘நாளைக்கு மதுரை போறேன்’ என்று நாமும் நிகழ்காலத்தில்தானே சொல்கிறோம்? ‘ஐ’ம் கோயிங் டு மதுரை டுமாரோ’ அதே அச்சு. ஆனால் மனிதர்கள் பேசி ஏற்பாடு செய்தவற்றுக்குத்தான் இது பொருந்தும். ‘இட்ஸ் ரெயினிங் டுமாரோ’ என்றால் சிரிப்பார்கள். மழை யாரிடமும் அப்பாயின்ட்மென்ட் வாங்குவதில்லை. அட்டவணை போட்டு ஓடும் ரயில், சினிமாக் காட்சி, பரீட்சை இவற்றுக்கு ‘இங்’ கூட வேண்டாம்: “தி ட்ரெயின் லீவ்ஸ் அட் சிக்ஸ்.” நாம் அதைவிடச் சிக்கனம். ‘ஆறு மணிக்கு வண்டி’ என்று வினையே இல்லாமல் முடித்துவிடுவோம்.

சரி, நாம் வழுக்கி விழுகிற இடத்துக்கு வருவோம். இன்டர்வியூவில் “உங்கள் அன்றாட வேலைகளைச் சொல்லுங்கள்” என்கிறார்கள். பதில்: “ஐ வில் கெட் அப் அட் ஃபைவ். ஐ வில் கோ ஃபார் எ வாக்.” கேட்பவர் குழம்புகிறார். இது நாளைய திட்டமா, தினமும் செய்வதா? தமிழில் ‘எழுந்திருப்பேன், நடப்பேன்’ என்பது பழக்கத்தையும் சொல்லும், வருங்காலத்தையும் சொல்லும். ‘மாடு பால் கொடுக்கும்’ என்பதில் எதிர்காலம் எங்கே இருக்கிறது? அந்த இரட்டை வேலையை அப்படியே ‘வில்’ தலையில் ஏற்றிவிடுகிறோம். ஆங்கிலத்தில் வழக்கத்துக்கு வெறும் நிகழ்காலம் போதும்: “ஐ கெட் அப் அட் ஃபைவ்.” தமிழர் பேசும் ஆங்கிலத்தில் நான் ஒன்றே ஒன்றைத் திருத்தலாம் என்றால் இதைத்தான் திருத்துவேன். உச்சரிப்பையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஆங்கிலேயர்களும் பழக்கத்துக்கு ‘வில்’ போடுவது உண்டு. ஆனால் அதில் ஒரு சலிப்போ செல்லமோ ஒட்டியிருக்கும். ‘ஹி வில் லீவ் தி லைட்ஸ் ஆன்’ என்று ‘வில்’லை அழுத்திச் சொன்னால், ‘எத்தனை தடவை சொன்னாலும் லைட்டை அணைக்கவே மாட்டான்’ என்ற எரிச்சல்.

அடுத்த வழுக்கல் ‘வென்’. ‘அவன் வரும்போது சொல்றேன்’ என்பதில் ‘வரும்’ இருப்பதால் ‘வென் ஹி வில் கம்’ என்று வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் அந்த இடத்தில் ‘வில்’ நுழையக் கூடாது: ‘வென் ஹி கம்ஸ், ஐ’ல் டெல் யூ.’ ‘இஃப்’புக்கும் அதே விதிதான்.

‘வில்’ ஒரு காலத்தில் ‘விரும்பு’ என்ற பொருள் கொண்ட முழு வினையாக இருந்தது. அந்தப் பழைய குணம் எதிர்மறையில் இன்னும் எட்டிப் பார்க்கிறது. காலையில் சாவியைத் திருப்பினால் வண்டி கிளம்பவில்லை: “தி கார் வோன்ட் ஸ்டார்ட்.” இதில் எதிர்காலமே இல்லை, இப்போதே நடக்கிற பிடிவாதம். நாமும் அதைத்தானே சொல்கிறோம், ‘கார் ஸ்டார்ட் ஆகமாட்டேங்குது’ என்று! ஆக, இப்படிப் பிடிவாதமோ மறுப்போ சொல்லும் ‘வோன்ட்’டுக்கு ‘மாட்டேன்’ கச்சிதமாக உட்காரும்.

‘ஷால்’ பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். தன்மையில் (‘ஐ’, ‘வீ’) ‘ஷால்’, மற்றவற்றில் ‘வில்’ என்ற விதியை 1653இல் ஜான் வாலிஸ் என்ற ஆங்கிலேயர் தம் இலக்கண நூலில் எழுதி வைத்தார், அதுவும் லத்தீனில். பள்ளிக்கூடங்கள் அதைக் கட்டிக்கொண்டு அழுதன. இன்று பேச்சில் மிஞ்சியிருப்பது முக்கியமாக ‘ஷால் ஐ ஓப்பன் தி விண்டோ?’ வகை, அதாவது நம்முடைய ‘திறக்கட்டுமா?’. சட்டத்தில் மட்டும் அதன் கொடி பறக்கிறது. நம் அரசியலமைப்பின் முதல் பிரிவே ‘ஷால் பி எ யூனியன் ஆஃப் ஸ்டேட்ஸ்’ என்றுதான் போகிறது.

கடைசியாக, ‘வில் பி’யோடு ‘இங்’ சேர்ந்த கலப்பு வகை ஒன்று உண்டு. பாடப்புத்தகம் இதை ‘அந்த நேரத்தில் நடந்துகொண்டிருக்கும்’ என்பதோடு விட்டுவிடும். இதன் நிஜமான உபயோகம் நாசூக்கில் இருக்கிறது. ‘வில் யூ லெண்ட் மீ தி கார்?’ என்றால் நேரடியாகக் கேட்பது. ‘வில் யூ பி யூஸிங் தி கார் டுநைட்?’ என்றால், உங்கள் திட்டத்தைச் சும்மா விசாரிப்பது போல. காரை இரவல் கேட்க வந்த பக்கத்து வீட்டுக்காரர் முதலில் இதைத்தான் கேட்பார். ‘நோ’ என்று பதில் வந்த பிறகுதான் மற்றதை எடுப்பார்.