போலோ டீசலோடு பல வருஷம்: வண்டிக்கு ஒரு கணக்கு, கம்பெனிக்கு ஒரு கணக்கு

என்னிடம் இருப்பது ஃபோக்ஸ்வேகன் போலோ 1.5 டிடிஐ டீசல், பிஎஸ்4 புகை விதிக் காலத்து வண்டி. ஓடோமீட்டர் லட்சத்தைத் தாண்டி நாளாயிற்று. டீசல் போலோவை 2020-ல் நிறுத்தினார்கள். 2022-ல் இந்தியாவில் போலோவையே நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் செகண்ட் ஹேண்ட் மார்க்கெட்டில் விலை இறங்கமாட்டேன் என்கிறது. "வாங்கலாமுங்களாண்ணா?" என்று யாராவது கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். கேட்கிற கையோடு, "ஜெர்மன் வண்டியாச்சே" என்று பதிலையும் அவர்களே சொல்லிவிடுகிறார்கள். அந்தப் பேச்சில் எது நிஜம், எது வெறும் பேர் என்று எனக்குப் பட்டதை எழுதுகிறேன். கம்பெனியின் பழங்கதையும் கொஞ்சம் வரும். என் வண்டியின் இன்ஜினே அந்தக் கதையில் மாட்டிக்கொண்ட இன்ஜின்தான் என்பதால் அதைத் தவிர்க்க முடியாது.

முதலில் ஓட்டம். பல்லடம், தாராபுரம், உடுமலைப் பக்கம் ஆனி ஆடியில் கார் ஓட்டியவர்களுக்குத் தெரியும், பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று எப்படி அடிக்கும் என்று. காற்றாலைகளைச் சும்மாவா அங்கே நட்டு வைத்திருக்கிறார்கள்! ஒரு லாரியை ஓவர்டேக் செய்யும்போது அதன் மறைவில் காற்றே இருக்காது. லாரியின் மூக்கைத் தாண்டும் அந்த நொடியில் பக்கவாட்டில் அறை விழும். இதற்கு முன் வைத்திருந்த சின்ன காரில் அந்த இடத்தில் ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, காற்றுக்கு எதிராகக் கொஞ்சம் ஒடித்துக்கொண்டே போவேன். போலோவில் ஒரு சின்ன உலுக்கல் தெரியும், அவ்வளவுதான். நூறில் போனாலும் போட்ட கோட்டில் போகும். பள்ளத்தில் இறங்கினால் 'தொப்' என்று ஒரே ஒரு சத்தம், அதற்குப்பின் ஆட்டமில்லை. விலைக்கு என்ன கொடுத்தோம் என்பது இந்த இரண்டு இடத்தில் தெரிந்துவிடும்.

இன்ஜின் 1498 சிசி, நாலு சிலிண்டர், 90 பிஎஸ், 230 நியூட்டன் மீட்டர் டார்க். பேப்பரில் 1500 ஆர்பிஎம்மிலேயே முழு டார்க் வந்துவிடும் என்று போட்டிருக்கும். காலுக்குத் தெரிவதென்னவோ 1800-க்கு மேல்தான். அதற்குக் கீழே தூங்கும். கோவை காந்திபுரம் டிராஃபிக்கில் கிளட்சும் செகண்ட் கியருமாகத்தான் பிழைப்பு. ஹைவேயில் மூன்றாவது கியரில் ஓர் அழுத்து அழுத்தினால் முதுகு சீட்டோடு ஒட்டும். மைலேஜ் கம்பெனி சொன்னது 20.14. நிதானமாகப் போனால் ஹைவேயில் எனக்கு அதன் பக்கத்தில் வருகிறது. ஊருக்குள் பதினைந்தைத் தொட்டாலே பெரிது. காலையில் ஸ்டார்ட் செய்தால் தெருவில் டிராக்டர் வந்துவிட்டது மாதிரி இருக்கும், சூடேறினால் அடங்கிவிடும். பின் சீட்டில் கால் வைக்க இடம் குறைவு என்று அறிமுகமான நாளிலிருந்து எல்லோரும் எழுதியதுதான். எங்கம்மா முதல் பயணத்திலேயே, "நான் முன்னாடியே உக்காந்துக்கறேன் சாமி" என்று முடிவெடுத்துவிட்டார். இன்றுவரை அந்த சீட் அவருடையது.

போலோவை 'இரும்புக் கோட்டை' என்பார்கள்; அந்தப் பேருக்கு வருவோம். 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் என்ற கார் பாதுகாப்புச் சோதனை அமைப்பு இந்தியாவில் விற்ற ஐந்து கார்களை மோதிப் பார்த்தது; போலோவும் அதில் ஒன்று. ஏர்பேக் இல்லாத போலோவுக்குக் கிடைத்தது பூஜ்யம். ஆனால் அந்த ரிப்போர்ட்டை முழுசாகப் படித்தவர்களுக்குத் தெரியும்: வண்டியின் கூடு நிலையாக நின்றது என்றுதான் அதில் இருந்தது. உள்ளே உட்கார்ந்திருப்பவரின் தலையையும் நெஞ்சையும் தாங்க ஏர்பேக் இல்லாததால்தான் அந்தப் பூஜ்யம். ஐரோப்பாவில் இதே தலைமுறை போலோ 2009-லேயே ஐந்து ஸ்டார் வாங்கியது. ஆக, கூடு கட்டியவர்கள் ஒழுங்காகத்தான் கட்டினார்கள். இந்தியாவுக்கு வரும்போது எதைக் கழற்றலாம் என்று கணக்குப் போட்டவர்கள் வேறு மேஜையில் உட்கார்ந்திருந்தார்கள். ரிசல்ட் வந்ததும் ஏர்பேக் இல்லாத மாடலை நிறுத்திவிட்டு, எல்லாவற்றிலும் இரண்டு ஏர்பேக் வைத்தார்கள். அது நாலு ஸ்டார் வாங்கியது. அதனால் செகண்ட் ஹேண்டில் 2014-க்கு முந்தைய பேஸ் மாடல் வந்தால், ஜெர்மன் பேரைப் பார்க்காமல் ஸ்டீயரிங்கின் நடுவில் ஏர்பேக் இருக்கிறதா என்று பாருங்கள்.

இந்த இரண்டு மேஜைக் கதை இந்தியாவில் தொடங்கியதில்லை. கம்பெனி பிறந்ததே அப்படித்தான். 1937-ல் நாஜி அரசின் தொழிலாளர் அமைப்பு தொடங்கிய கம்பெனி. காரை வடிவமைத்தவர் ஃபெர்டினாண்ட் போர்ஷே. 1938 மே மாதம் ஹிட்லரே வந்து தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டினார். காரின் விலை ஜெர்மன் பணத்தில் 990 மார்க். வாரம் 5 மார்க்குக்கு ஸ்டாம்ப் வாங்கி அட்டையில் ஒட்டிக்கொண்டே வந்தால் கார் கிடைக்கும் என்று விளம்பரம். நம்ம ஊர் தீபாவளிச் சீட்டேதான். சுமார் 3,36,000 பேர் பணம் கட்டினார்கள். அந்தத் திட்டத்தில் ஒருவருக்குக்கூட கார் வரவில்லை. போர் தொடங்கியது, தொழிற்சாலை ராணுவ வண்டி செய்யப் போய்விட்டது.

அந்த வேலையைச் செய்தவர்களில் சுமார் 20,000 பேர் கட்டாயத் தொழிலாளர்கள்: போலந்து, சோவியத் நாட்டுக்காரர்கள், போர்க்கைதிகள், வதைமுகாமிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். அங்கே வேலை செய்த பெண்களுக்குப் பிறந்த குழந்தைகளைத் தாயிடமிருந்து பிரித்து ஒரு காப்பகத்தில் போட்டார்கள். அது பின்னால் ரூயன் என்ற கிராமத்துக்கு மாறியது. கவனிப்பாரில்லாமல் 300-க்கும் மேற்பட்ட குழந்தைகள் செத்துப்போயின. அதற்குப் பொறுப்பான தொழிற்சாலை டாக்டரை போருக்குப்பின் பிரிட்டிஷ் ராணுவ நீதிமன்றம் விசாரித்து 1947-ல் தூக்கில் போட்டது. கார் ரிவ்யூவில் இது எதற்கு என்று கேட்கலாம். பேரை வைத்துத்தானே காசு கூடக் கொடுக்கிறோம். அந்தப் பேரில் இதுவும் இருக்கிறது. கம்பெனியும் வெகுகாலம் கழித்து 1980-களில் ஹான்ஸ் மொம்சன் என்ற வரலாற்று அறிஞரை வைத்து அந்தக் காலத்தை ஆராயச் சொன்னது. 1998-ல் உயிரோடிருந்த தொழிலாளர்களுக்காக 2 கோடி மார்க் நிதி ஒதுக்கியது.

போர் முடிந்ததும் அந்தத் தொழிற்சாலையைப் பிழைக்க வைத்தவர் ஒரு பிரிட்டிஷ் மேஜர், ஐவன் ஹர்ஸ்ட். குண்டு விழுந்து கூரை போன கட்டடத்தில், கிடைத்த பாகங்களை வைத்து வண்டி ஓட்டிக் காட்டி, பிரிட்டிஷ் ராணுவத்திடம் 20,000 கார் ஆர்டர் வாங்கினார். 1948-ல் ஓப்பலிலிருந்து வந்த ஹைன்ரிஷ் நோர்டாஃப் பொறுப்பேற்றார். 'ஜெர்மன் வண்டி' என்ற பேர் உண்மையில் சம்பாதிக்கப்பட்டது இவர் காலத்தில்தான் என்பது என் கருத்து. அமெரிக்கக் கம்பெனிகள் வருஷத்துக்கு ஒரு புது முகம் காட்டிக்கொண்டிருந்தபோது, இவர் போர்ஷே வடிவமைத்த அந்தக் காரின், அதாவது பீட்டிலின் உருவத்தைத் தொடாமல் உள்ளே சின்னச் சின்னதாகத் திருத்திக்கொண்டே போனார். பார்ட்ஸும் சர்வீஸும் இல்லாத இடத்தில் விற்கக்கூடாது என்பதில் பிடிவாதம். 1955-ல் பத்து லட்சமாவது பீட்டில். 1972 பிப்ரவரி 17 அன்று 1,50,07,034-வது வண்டி வெளியே வந்தபோது ஃபோர்டு மாடல் டி-யின் சாதனை போயிற்று.

அதே பிடிவாதம் கடைசியில் கழுத்தையும் பிடித்தது. உலகம் முன்சக்கர இழுவைக்கும் தண்ணீரில் குளிரும் இன்ஜினுக்கும் மாறியபிறகும் இவர்கள் பின்னால் வைத்த ஏர் கூல்டு இன்ஜினை விடவில்லை. 1960-களில் டைம்லர் பென்ஸிடமிருந்து வாங்கிய ஆடி கார் கம்பெனியின் தொழில்நுட்பம்தான் கைகொடுத்தது. 1974-ல் இத்தாலிய வடிவமைப்பாளர் ஜுஜாரோ வரைந்த கோல்ஃப், அடுத்த வருஷம் போலோ. முதல் போலோ என்பதே ஆடி 50-ன் சிக்கனப் பதிப்புதான்.

இனி என் இன்ஜின் கதை. டீசல் இன்ஜினில் நைட்ரஜன் ஆக்ஸைடு புகையைக் குறைக்க, வெளியேறும் புகையில் ஒரு பங்கைத் திருப்பி உள்ளே விடுவார்கள். அப்படி விட்டால் கரி சேரும்; இழுவையும் கொஞ்சம் குறையலாம். என் வண்டியில் இருப்பது இஏ189 வகை டீசல் இன்ஜின். அந்த வகை இன்ஜின்களில் ஃபோக்ஸ்வேகன் என்ன செய்தது என்றால், ஸ்டீயரிங் திரும்பாமல் சக்கரம் மட்டும் சுற்றுகிறது, வேகம் சோதனை அட்டவணைப்படி ஏறி இறங்குகிறது என்பதையெல்லாம் வைத்து 'இப்போது சோதனை லேப்பில் இருக்கிறோம்' என்று கம்ப்யூட்டருக்குக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுத்தது. லேப்பில் உத்தமன், ரோட்டில் வேறு ஆள். மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஒரு சின்னக் குழு, புகை அளக்கும் கருவியைக் காரின் பின்னால் கட்டிக்கொண்டு அமெரிக்காவில் ரோட்டிலேயே ஓட்டிப் பார்த்தபோது கணக்கு உதைத்தது. 2015 செப்டம்பர் 18-ல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பு நோட்டீஸ் கொடுத்தது. 23-ஆம் தேதி தலைவர் மார்ட்டின் வின்டர்கோர்ன் பதவி விலகினார். உலகம் முழுக்க 1.1 கோடி வண்டிகள்.

இந்தியாவில் அந்த டிசம்பரில் 3,23,700 கார்களைத் திருப்பி அழைத்து சாஃப்ட்வேர் மாற்றுவதாக அறிவித்தார்கள். ஸ்கோடாவும் ஆடியும் சேர்த்து. 1.2, 1.5, 1.6, 2.0 என எல்லா அளவு இஏ189-ம் அதில் உண்டு. என் வண்டியும் போய் வந்தது. லேப்டாப்பைச் செருகினார்கள், உருவினார்கள், முடிந்தது. அதற்குப்பின் மைலேஜிலோ இழுவையிலோ எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. 2019-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 500 கோடி அபராதம் போட்டது. உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை கொடுத்தது.

இதில் என்னை உறுத்துவது வேறு. அரைகுறை ஆட்களால் இந்த மாதிரி ஏமாற்ற முடியாது. சோதனை அறையை மோப்பம் பிடிக்கிற சாஃப்ட்வேர் எழுத நல்ல மூளை வேண்டும். ஆடிக் காற்றில் என் வண்டியைக் கோடு மாறாமல் ஓட வைக்கிற அதே கெட்டிக்காரத்தனம்தான் அதையும் எழுதியது. ஆகவே 'ஜெர்மன் இன்ஜினியரிங்' என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்வேன். அதை நாணயத்துக்கான சர்டிஃபிகேட்டாக நீட்டினால் வாங்கமாட்டேன்.

நடுவில் ஒரு சமாச்சாரம்: ஜெர்மனியில் ஃபோக்ஸ்வேகனின் தலைமையிடமான வுல்ஃப்ஸ்பர்க் தொழிற்சாலையில் மசாலா கெட்சப் ஊற்றிச் சாப்பிடும் சாஸேஜும் தயாரிக்கிறார்கள். அதற்கு 199 398 500 ஏ என்று முறையான பார்ட் நம்பரே உண்டு. சில வருஷங்களில் காரைவிட சாஸேஜ் அதிகம் விற்றிருக்கிறது. பில்லில் 'ஒரிஜினல் பார்ட்' என்று பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஞாபகம்தான்.

பில் என்றதும் பராமரிப்பு. ஆரம்பத்தில் ஒரு சர்வீஸ் சென்டரில் விட்டேன். ஆயில் மாற்றப் போனால் ஏசி கிருமிநாசினி, இன்ஜெக்டர் கிளீனிங் என்று கேட்காததெல்லாம் பில்லில் ஏறும். இப்போது ஐரோப்பிய வண்டிகள் மட்டும் பார்க்கும் ஒரு தனி மெக்கானிக்கிடம் விடுகிறேன். அவர் பேச்சு கறார். "டைமிங் பெல்ட்ட மாத்தறப்பவே வாட்டர் பம்ப்பையும் மாத்திருங்ணா. பம்பு மூவாயிரம் மிச்சம் பண்ணப்போயி பெல்ட்டு அறுந்துதுன்னா வால்வெல்லாம் பிஸ்டன்ல முட்டிக்கும். அப்புறம் ஹெட்டு எறக்கோணும்." பழைய பெல்ட்டைக் கழற்றிக் கையில் கொடுத்தார். வெளிப்பக்கம் புதுசு போலவே இருந்தது. மடித்துக் காட்டியபோதுதான் பற்களின் அடியில் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு தெரிந்தது. பார்ட்ஸ் விலை மாருதியோடு ஒப்பிட்டால் வயிறு எரியும். ஆனால் அடிக்கடி கேட்காது.

பெட்ரோல் ஜிடி டிஎஸ்ஐ வாங்க ஆசைப்படும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. சென்னைப் பக்கம் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் போலோ கப் ரேஸ் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த வண்டிமேல் ஒரு பைத்தியம் உண்டு. தப்பில்லை, 105 பிஎஸ், பறக்கும். ஆனால் 1.2 லிட்டர் ஜிடி டிஎஸ்ஐயில் இருப்பது ஏழு கியர் டிரை கிளட்ச் டிஎஸ்ஜி, அதாவது இரண்டு கிளட்ச் உள்ள ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். அந்த வகை கியர்பாக்ஸுக்காக 2013-ல் சீனாவில் மட்டும் 3,84,000-க்கும் மேற்பட்ட கார்களை ஃபோக்ஸ்வேகன் திருப்பி அழைக்க வேண்டிவந்தது. கியர்பாக்ஸ் வேலை செய்த சரித்திரம் கையில் இல்லாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். ஆட்டோமேட்டிக்தான் வேண்டும் என்றால் 2020-க்குப் பிறகு வந்த 1.0 டிஎஸ்ஐயில் இருப்பது டார்க் கன்வர்ட்டர் வைத்த வழக்கமான ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். அதுவே தலைவலி குறைவு.

டீசல் பார்க்கிறவர்கள், விலை குறைவு என்று வரும் டெல்லி வண்டிகளில் கவனம். அங்கே பத்து வயதான டீசலுக்குக் கெடுபிடி இருந்ததால், வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோக ஆர்டிஓ கொடுக்கும் என்ஓசி போட்டு தெற்கே தள்ளிவிட்டார்கள். இங்கே மறுபடி ரோடு டாக்ஸ் கட்டி நம்பர் மாற்றினால் மிச்சப்படுத்தியது போய்விடும். கிளட்ச் மிதி கனமாக இருக்கிறதா பாருங்கள். சாஃப்ட்வேர் ரீகால் முடிந்ததா என்று சேசிஸ் நம்பரைச் சொல்லி விசாரியுங்கள். பெல்ட் மாற்றிய பில்லைக் கேளுங்கள். "மாத்தியாச்சுங்ணா, பில்லுதான் காணோம்" என்றால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு அந்தத் தொகையை விலையில் கழித்துப் பேசுங்கள்.