4,860 மலேசிய வெள்ளிக்கு ஊமை ஸ்பீக்கர்: கோயில் கமிட்டிக்காரர்களே, கொஞ்சம் படியுங்கள்

எங்கள் கோயிலுக்கு ஸ்பீக்கர் விற்ற ஆள் இன்று காலைதான் என் எண்ணை பிளாக் செய்திருக்கிறார். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் "போகட்டும், ஆத்தா பார்த்துக்குவா" என்று நானும் விட்டுவிடுவேன். இந்த மாதிரிப் பொருள் வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

எங்கள் ஊர் மலேசியாவில், சிலாங்கூரில் இருக்கும் பத்தாங் பெர்ஜுந்தை. 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயரை மாற்றினார்கள். செம்பனை லோரி ஓட்டுகிறவரிலிருந்து ஒட்டுக்கடை அக்கா வரை பழைய பெயரை யாரும் விடவில்லை. இங்கே ஒரு தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு நான் பொருளாளர். அப்பா காலத்தில் விடியுமுன் தப்படித்துத்தான் பெரட்டுக்கு, அதாவது காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிப்பதற்கு, ஆள் கூட்டுவார்களாம். கோயிலில் எங்களுக்கு இருந்தது ஒரு பழைய ஹார்ன் ஸ்பீக்கர், ஒரு ஆம்ப்ளிஃபையர். மழை நாளில் கரகரக்கும், ஆனாலும் பேசும்.

வாசல், மடப்பள்ளி, ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் மண்டபம், இந்த மூன்று இடத்துக்கும் ஒரே நேரத்தில் அறிவிப்பு போக வேண்டும், தேவைப்பட்டால் ஓர் இடத்தை மட்டும் கூப்பிட்டுப் பேசவும் வேண்டும் என்று கமிட்டியில் முடிவானது. இணையத்தில் ஓடும் ஸ்பீக்கர் போன் என்று ஒன்று இருக்கிறது. சுவரில் மாட்டி நெட் கேபிளைச் செருகினால் போதும் என்றுதான் நினைத்தேன். அதற்கென்று தனி எண் உண்டு. அந்த எண்ணை அழைத்தால் யாரும் எடுக்காமலேயே அது தானாகத் திறந்துகொள்ளும், இரண்டு பக்கமும் பேசலாம். நல்ல பொருள்தான். பொருளைக் குறை சொல்ல நான் வரவில்லை.

ஆன்லைனில் பொருள் விற்கும் ஒரு செயலியில் கிள்ளான் பக்கத்துக் கடை ஒன்று கண்ணில் பட்டது. சிசிடிவி, அலாரம் போடுகிற கடை. போன் எடுத்தவர் தமிழில் பேசினார். "செயலி வழியா வாங்கினா அவன் கமிஷன் ஏறும்ணே. கோயில் வேலை, நேரா பேங்க்ல போட்டுடுங்க, நானே வந்து புரோகிராம் பண்ணித் தரேன்" என்றார். ஸ்பீக்கர் ஒன்று 1,250 வெள்ளி, மூன்றுக்கு 3,750. புரோகிராமிங் 650. கேபிள், சுவிட்ச் 460. மொத்தம் 4,860.

வந்தார். வாசலிலேயே செருப்பைக் கழற்றினார், திருநீறு பூசினார், உண்டியலில் பத்து வெள்ளி போட்டார். நான் விழுந்தது அந்தப் பத்து வெள்ளியில்தான். ("4,850-ன்னு சொல்லுங்க, அந்தப் பத்தைக் கழிச்சுக்குங்க" என்கிறாள் என் மனைவி.) மூன்று மணி நேரம் மடிக்கணினியில் என்னவோ தட்டினார். அப்புறம் தன் கைப்பேசியிலும் என்னுடையதிலும் ஓர் அழைப்புச் செயலியைப் போட்டு, தன்னுடையதில் 101 என்று அழுத்தி, "சாம்பார் ரெடியா?" என்று கேட்டார். மடப்பள்ளிச் சுவர் பேசியதும் அங்கே கறிகாய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா கத்தியைக் கீழே போட்டுவிட்டார். எல்லோரும் சிரித்தோம். எல்லா இடத்துக்கும் சேர்த்து அறிவிப்பதை மடிக்கணினியிலிருந்து ஒருமுறை செய்து காட்டினார். வாசலிலும் மடப்பள்ளியிலும் கேட்டது. "மண்டபத்துலயும் கேட்டிருக்கும்ணே" என்றார். ரோட்டைத் தாண்டி யாரும் போய்ப் பார்க்கவில்லை. கமிட்டிக் காசோலைக்கு மூன்று கையெழுத்து வேண்டும் என்பதால், அந்தச் சிரிப்பு அடங்குமுன் என் சொந்தக் கணக்கிலிருந்து 4,860 வெள்ளியை அனுப்பிவிட்டேன்.

ஆடி மூன்றாம் வெள்ளி. கூழ் லோரி உள்ளே வர முடியாமல் ஒரு கார் வழியை அடைத்து நிற்கிறது. 101 அடிக்கிறேன், சத்தமே இல்லை. 102-ம் அப்படித்தான். ஸ்பீக்கரில் விளக்கு மட்டும் மினுக்குகிறது. பூசாரி வெளியே வந்து தொண்டை கிழியக் கத்தினார். தலைவர் என்னைப் பார்த்து, "என்ன பொருளாளரே, 4,860 வெள்ளி வாயைத் திறக்க மாட்டேங்குது?" என்றார், அத்தனை பேர் முன்னால்.

அன்றிரவே வாட்ஸ்அப்பில் எழுதினேன். முதலில், "இடி மழைண்ணே, லைன் போயிருக்கும்." அடுத்து, "ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க." அப்புறம், "உங்க இன்டர்நெட் கம்பெனியைக் கேளுங்க." அதற்கப்புறம் நீல டிக் மட்டும். கடைக்கு போன் செய்தால் ஒரு பெண் எடுத்து, டெக்னீஷியன் வெளியே போயிருக்கிறார் என்பார். ஐந்தாவது தடவை அந்தப் பெண்தான் வாய் தவறி உண்மையைச் சொன்னார்: "ட்ரையல் முடிஞ்சிருக்கும் சார், மாசம் 120 வெள்ளி கட்டினா திரும்ப ஓபன் பண்ணுவாங்க." ட்ரையலா? யாருடைய ட்ரையல்?

ஷா ஆலாமில் நெட்வொர்க் வேலை பார்க்கும் அண்ணன் மகன் ஞாயிற்றுக்கிழமை வந்தான். "சித்தப்பா, இந்த ஸ்பீக்கர் தனியாப் பேசாது. ஒரு போன் சர்வர்ல பேர் பதிஞ்சாத்தான் அதுக்கு நம்பரே வரும். அந்த ஆள் தன்னோட இலவச சோதனைக் கணக்குல பதிஞ்சு காட்டிட்டுப் போயிருக்கான்" என்றான். உள்ளே போய் மாற்றலாம் என்றால் அட்மின் பாஸ்வேர்டை அவர் மாற்றி வைத்திருக்கிறார், எங்களிடம் தரவில்லை. ரீசெட் பொத்தானைத் தேடி வாசல் ஸ்பீக்கரைக் கழற்றினோம். முதுகில் பாதி கிழிந்த ஸ்டிக்கர், அதில் "லோபி 2". எந்த ஹோட்டலில் தொங்கியதோ! புதுசு என்று 1,250 வெள்ளி வாங்கியிருக்கிறார். அதன் மைக்கும் வேலை செய்யவில்லை. சோதனையின்போது அவர் மட்டும்தானே பேசினார்?

ரீசெட் ஆனதும் பிரௌசரில் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினான். சர்வர் முகவரி, எண், பயனர் பெயர், பாஸ்வேர்ட், தானாக எடுக்கட்டும் என்று ஒரு டிக். 650 வெள்ளி புரோகிராமிங் என்பது இதுதான். அறிவிப்புக்கு மல்டிகாஸ்ட் என்று வேறொரு பகுதி, அதில் 239 என்று தொடங்கும் ஒரு முகவரியும் போர்ட் எண்ணும் போட வேண்டும். ஒரே முகவரி போட்டு வைத்த ஸ்பீக்கர்கள் எல்லாம் ஒரே சமயத்தில் கேட்கும், ஆனால் ஒரே உள் நெட்வொர்க்கில் இருந்தால்தான். மண்டபத்தில் இருப்பது வேறு இன்டர்நெட் லைன். மல்டிகாஸ்ட் சாதாரண இணையத்தைக் கடந்து அங்கே போகவே போகாதாம். அதாவது அவர் சொன்ன ஏற்பாட்டில் மண்டபத்தில் கேட்க வழியே இல்லை. அது தெரிந்துதான் "கேட்டிருக்கும்ணே" என்றிருக்கிறார்.

இதையெல்லாம் எழுதி அனுப்பினேன். பதில் இரண்டே வரி: "நாங்க செட் பண்ணப்ப ஓடிச்சு. வீடியோ இருக்கு." மேலும் கேட்டதற்குத்தான் இன்று பிளாக்.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், கை நடுங்குகிறது, இவ்வளவுதான் வருகிறது. செயலிக்கு வெளியே பணம் போடாதீர்கள். சர்வர் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று கேளுங்கள். அட்மின் பாஸ்வேர்ட் கைக்கு வராமல் மீதிப் பணம் கொடுக்காதீர்கள். அவர் மடிக்கணினியை மூடச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு ஸ்பீக்கர் முன்னாலும் ஆள் நிறுத்தி நீங்களே அழைத்துப் பாருங்கள்.

பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 வெள்ளி வரை வழக்கு போடலாம், கட்டணம் 5 வெள்ளிதான். திங்கட்கிழமை போய்க் கேட்கப் போகிறேன். இப்போதுதான் ரசீதை எடுத்துப் பார்த்தேன். 4,860 என்று கையால் எழுதியிருக்கிறது. கடையின் பதிவு எண் இல்லை, சாப் (முத்திரை) கூட இல்லை.

பூசாரி கூப்பிடுகிறார். மாலைப் பூசைக்குள் ஸ்டோரிலிருந்து பழைய ஹார்னை எடுத்துக் கட்ட வேண்டும்.